மட்டமும் அயலும்: வன்னித் தரைகளின் வரலாற்றில் ஒரு கைக்கருவி

வன்னிப் பெருநிலப்பரப்பின் வரலாற்றை எழுத முற்பட்டோர் பெரும்பாலும் குளங்களையும் வன்னிமைகளையும் குடியேற்றத் திட்டங்களையும் பற்றியே எழுதினர். அண்மைக்கால வரலாற்றை எழுதுவோர் போரையும் இடப்பெயர்வையும் பற்றி எழுதுகின்றனர். இவை எழுதப்பட வேண்டியவையே. ஆயின், மக்கள் நாடோறும் கால்வைத்து நடந்த தரை எவ்வாறு அமைந்தது, அதனைச் சமன்செய்தோர் யாவர், எக்கருவி கொண்டு செய்தனர் என்னும் வினாக்கள் அவர்தம் கவனத்தை அதிகம் ஈர்த்தனவென்று கூறமுடியாது. ஒரு தரையோட்டையும் அதன் அயலிலுள்ள தரையோட்டையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவரும் சிறியதொரு கைக்கருவியை முன்வைத்து அவ்வினாக்களை அணுகுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். கருவி அற்பமானது, ஒரு கைப்பிடிக்குள் பல அடங்கும். அது வன்னிக்கு வந்துசேர்ந்த வழியோ அற்பமானதன்று.

முதலிற் கருவியைப் பற்றிச் சில கூறுதல் வேண்டும். எம்மவர் பேச்சில் தரையோடு "மாபிள்" எனப்படும். "ரைல்ஸ்" என்றும் சொல்வர். சலவைக்கல்லுக்குரிய பிறமொழிப் பெயர் சூளையிற் சுட்ட ஓட்டின்மீது வந்து ஒட்டிக்கொண்டமை சுவையானதொரு பொருள்மாற்றம். இவ்வோடுகளைப் பதிக்கையில் ஒன்றின் விளிம்பு அயலதன் விளிம்பைவிடச் சிறிது உயர்ந்து நிற்பின் அது பெருங்குறையாகக் கருதப்படும். கண்ணுக்குப் புலப்படாத உயர்வையும் வெறுங்கால் அறிந்துவிடும். மேசன்மார் உள்ளங்கையைப் பொருத்தின் குறுக்கே மெல்ல இழுத்துப் பார்ப்பர். சிலர் நாணயமொன்றைச் சறுக்கவிட்டுப் பார்ப்பர். அமெரிக்க நாட்டுத் தொழில் நியமம், ஒடுங்கிய பொருத்துகளில் இவ்வுயர்வு, ஓட்டின் இயல்பான வளைவு நீங்கலாக, ஓர் அங்குலத்தின் 32 இல் ஒரு பங்கை விஞ்சலாகாது என்கிறது. அதாவது ஏறத்தாழ 0.8 மில்லிமீற்றர்.

இக்குறையை நீக்குதற்குப் பழைய முறையில் வேண்டியவை இரண்டே. ஒன்று நேரான மரப்பலகை அல்லது அலுமினியச் சட்டம். மற்றையது றப்பர்ச் சுத்தியல். சட்டத்தை இரண்டு மூன்று ஓடுகளின்மேற் குறுக்காக வைத்து, உயர்ந்ததைத் தட்டித் தாழ்த்துவர். தாழ்ந்ததைப் பெயர்த்தெடுத்துச் சாந்து கூட்டி மீள வைப்பர். புதிய முறையில் பிளாஸ்ரிக்கினாலான கிளிப்பும் ஆப்பும் பயன்படுகின்றன. கிளிப்பின் தட்டையான அடிப்பாகம் இரு ஓடுகளின் அடியிலும் செல்லும். அதிலிருந்து எழும் மெல்லிய தகடு இரண்டுக்கும் இடையிலுள்ள பொருத்தின் வழியே மேலே நீட்டிநிற்கும். அத்தகட்டிலுள்ள துளையில் ஆப்பைச் செருகிக் குறட்டினால் இறுக்கும்போது, மேலிருந்து ஆப்பும் கீழிருந்து அடித்தட்டும் நெருக்க, இரு விளிம்புகளும் ஒரே தளத்துக்கு வந்துவிடுகின்றன. சாந்து இறுகிய பின்னர், பெரும்பாலும் மறுநாள், பொருத்து ஓடும் திசையில் ஆப்பைத் தட்டினால் தகடு அடியில் முறிந்து கழன்றுவிடும். ஆப்பு மீண்டும் உதவும். கிளிப்பு ஒருமுறைக்கே உரியது.

ஓட்டின் அளவு பெருகியமையே இத்தகைய கருவி தேவைப்பட்டதற்கு முதற்காரணம் எனலாம். ஓரடிச் சதுர ஓடுகளின் காலத்தில் அகன்ற பொருத்துச் சிறு பிழைகளை விழுங்கிக்கொண்டது. இரண்டடியும் அதற்கு மேலுமான ஓடுகள் சூளையில் வேகும்போது நடுவில் மயிரிழையளவு வளைகின்றன. செங்கற்கட்டைப் போலப் பாதிக்குப் பாதி மாற்றிப் பதித்தால், ஒன்றின் உயர்ந்த நடுப்பகுதி அயலதன் தாழ்ந்த முனைக்கு நேரே வந்து நிற்கும். நீண்ட ஓடுகளை மூன்றிலொரு பங்குக்கு மேல் மாற்றிப் பதிக்கலாகாது என்று தொழில் நூல்கள் விதிப்பது இதனாலேயே.

இங்கு ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்திக்கொள்ளுதல் அவசியமாகும். மட்டம் பார்த்தல் என நாம் ஒரே சொல்லாற் குறிப்பிடுவன உண்மையில் இரு வேறு செயல்கள். ஒன்று, ஒரு தளம் அடிவானத்தோடு ஒத்திருக்கின்றதா என்று பார்ப்பது. மற்றையது, அது தன் அயலோடு ஒத்திருக்கின்றதா என்று பார்ப்பது. குளியலறைத் தரை நீர்வடியுமாறு சரிந்திருத்தல் வேண்டும். ஆயினும் அங்கேயும் ஓடுகள் ஒன்றுக்கொன்று மட்டமாய் இருத்தல் வேண்டும். முதலாவதற்குரிய கருவி குமிழி மட்டம். இரண்டாவதற்குரியன பலகையும், தட்டும் கட்டையும், இப்போது கிளிப்பும். (மட்டம் என்னும் சொல்லும் விசித்திரமானதே. சமநிலையைக் குறிக்கும் அதே சொல் "மட்டமான பொருள்" என்கையில் இழிவையும் குறிக்கின்றது. உயர்ந்ததைத் தட்டித் தாழ்த்துவதே மட்டஞ்செய்தல் என எண்ணியோர் வழக்குப்போலும்.)

முதலாவது மரபு நன்கு எழுதப்பட்ட மரபு. எகிப்தில் தெய்ர் எல் மெதீனாவிலுள்ள செனெட்ஜெமின் கல்லறையிற் கிடைத்த மட்டச்சட்டம், இரு கால்களுக்கு நடுவே தூக்குநூல் தொங்குமாறு அமைந்தது. அதன் காலம் கி.மு. 13 ஆம் நூற்றாண்டளவு. உரோமரான வித்துருவியசு நீர்வழிகளை அமைப்பதற்கு 20 அடி நீளமான மட்டப்பலகையொன்றை விவரிக்கின்றார். நிழற்கோல் நடுதற்கு நீரால் மட்டம் பார்க்கப்பட்ட கற்றளம் வேண்டுமெனச் சூரிய சித்தாந்தம் கூறும். பத்துப்பாட்டுள் ஒன்றான நெடுநல்வாடை, அரண்மனை அமைக்குங்கால் நிழல்கொண்டு திசை குறித்து, நூல்பிடித்து மனை வகுத்தமையைச் சித்திரிக்கின்றது. 1661 ஆம் ஆண்டளவில் பிரெஞ்சு நாட்டவரான தெவெனோ குமிழி மட்டத்தை அமைத்தார். 1832 இல் ஆங்கிலேயரான கிரவற் அதனைத் தொலைநோக்கியோடு இணைத்து நிலஅளவைக்கேற்ற கருவியாக்கினார். பிரித்தானியர் ஆட்சியில் நீர்ப்பாசனப் பொறியியலாளர் கையாண்டது அவ்வகைக் கருவியையே.

வன்னியைப் பொறுத்தவரை இம்மரபின் சின்னங்கள் குளங்களாகும். தெற்கே அயலிலுள்ள கலாவாவியிலிருந்து அநுராதபுரத்துக்குச் செல்லும் சயகங்கைக் கால்வாய் அதன் முதல் 17 மைலில் மைலுக்கு ஆறு அங்குலமே சரிகின்றது. அத்துணை நுண்மையாக மட்டம் பார்க்கத் தெரிந்தோரின் நீர்ப்பாசன அறிவே வன்னியின் பழைய குளங்களையும் ஆக்கிற்று. இரணைமடுவுக்கான திட்டத்தை என்றி பார்க்கர் 1885 இல் வகுத்தார். 1902 இல் தொடங்கிய கட்டுமானம் 1920 அளவில் நிறைவெய்தியது. 1909 இல் வெளிவந்த தமது "பண்டைய இலங்கை" என்னும் ஆங்கில நூலில், பார்க்கர் செங்கற்களின் நீள அகலங்களை அளந்து அவற்றைக் கொண்டு கட்டடங்களின் காலத்தைக் கணிக்க முயன்றார். அம்முயற்சிக்குப் பின்னர் வருவோம்.

இரண்டாவது மரபோ எழுதப்படாதது. அது கூலிக்காரரதும் பெண்களதும் மரபாயிருந்தமையே அதற்குக் காரணமென்பது என் கருத்து. வயலை எடுத்துக்கொள்வோம். சேறாக்கிய வயலில் விதைக்குமுன் பலகையடிப்பர். தேங்கிநிற்கும் நீர் மேடு எது பள்ளம் எது என்று காட்டிவிடும். மேட்டுச் சேற்றைப் பலகை அயற்பள்ளத்துக்குத் தள்ளும். பள்ளத்தில் விதை அழுகும், மேட்டில் களை மேவும் என்பதனால் இவ்வேலையின் திருத்தத்திலேயே அவ்வாண்டின் விளைச்சலிற் பெரும்பகுதி தங்கியிருந்தது. இரு மரபுகளும் வயலிலேதான் சந்திக்கின்றன. நீர் அடிவானத்தைச் சொல்லும். பலகை அயலைப் பார்க்கும். குளக்கட்டுக்கு மன்னன் பெயரும் பொறியியலாளன் பெயரும் உண்டு. பலகைக்கு எவர் பெயரும் இல்லை.

வீட்டுத்தரை பெண்களின் ஆட்சிக்குட்பட்டது. புற்றுமண்ணைக் குழைத்து இட்டு, கட்டையால் அடித்து இறுக்கி, சாணத்தால் மெழுகுவர். மெழுகும் கையே மட்டக்கோல். மேடும் பள்ளமும் கைக்குத் தெரிய, அடுத்த மெழுகலில் அவை திருத்தப்படும். தைப்பொங்கலுக்கு முன்னர் வீடெங்கும் தரை புதுப்பிக்கப்படும். இத்தரைக்குப் பொருத்து இல்லை. எனவே அயல் என்னும் சிக்கலும் இல்லை. பழுதானால் மேசனைத் தேடவேண்டியதும் இல்லை. இதனை இலட்சியப்படுத்துவதற்காக நான் கூறவில்லை. மாரியில் ஈரங்கசியும், கறையான் ஏறும், ஓயாது மெழுகவேண்டும். அவ்வேலை முழுவதும் பெண்களின் முதுகிலேயே விழுந்தது.

1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திச் சட்டத்தை அடுத்துக் கிளிநொச்சியிற் குடியேற்றம் தொடங்கியதும் கல்வீடுகளும் சீமெந்துத் தரைகளும் மெல்ல மெல்லத் தோன்றின. 1950 இல் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியமை வடபகுதியெங்கும் இம்மாற்றத்தை விரைவுபடுத்திற்று. ஒட்டுசுட்டானில் அரசாங்கத்தின் ஓட்டுத் தொழிற்சாலையும் போருக்கு முன்னர் இயங்கியது. (ஊர்ப்பெயருக்கும் ஓட்டுக்கும் தொடர்பு காண்பது பிழை. தானியப் பயிரின் ஒட்டை, அதாவது அரிதாளைச் சுட்டவிடத்தில் இலிங்கம் தோன்றியது என்னும் தான்தோன்றீசுவரர் கோயிற் கதையோடு இணைந்தது அப்பெயர்.) ஆயின் அந்த ஓடு கூரைக்குரியது. தரை ஒரே வார்ப்பான சீமெந்து. வசதியுடையோர் அதற்குச் சிவப்பு நிறமூட்டி இரும்புக் கரண்டியால் தேய்த்து மினுக்கினர். இங்கும் அயலில்லை. ஆகவே மண்தரையிலிருந்து சீமெந்துத் தரைக்கு மாறியபோது பொருள் மாறிற்று. தரையின் இயல்பு மாறவில்லை.

இந்த வளர்ச்சி 1990 இல் முறிந்தது. அவ்வாண்டு யூனிற் போர் மீண்டும் மூண்டதைத் தொடர்ந்து வடபகுதிக்கு விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையில் சீமெந்தும் அடங்கியது. காங்கேசன்துறைத் தொழிற்சாலையும் அதே ஆண்டிலேயே மூடப்பட்டது. நாட்டின் தென்பகுதியில் நேர்ந்ததை இதனோடு ஒப்புநோக்குவது பயனுடைத்து. 1975 இல் லங்கா வோல்ரைல்ஸ் நிறுவப்பட்டது. இன்று நாடறிந்த றோயல் செரமிக்ஸ் நிறுவனம் அமைக்கப்பட்டது 1990 இலேயே. ஒரே தீவில், ஒரே ஆண்டில், ஒருபுறம் மினுங்கும் தரையோட்டுக்கு முதலீடு. மறுபுறம் ஒரு மூடை சீமெந்துக்குத் தடை. 1995 ஒக்ரோபரில் வலிகாமத்தைவிட்டு வெளியேறிய மக்களிற் பெருந்தொகையினர் பின்னர் வன்னிக்கு வந்து, காடு வெட்டிக் கொட்டில் போட்டு, மண்தரையிற் குடியிருந்தனர். சிவப்புச் சீமெந்துத் தரையிற் பிறந்து வளர்ந்த பெண்கள் புற்றுமண் குழைக்கப் பழகினர். பழைய மரபொன்று மீண்டது உண்மை. அது விருப்பினால் மீண்டதன்று. இக்காலத்தின் மண்வீடுகளைச் சூழலுக்கிசைந்த கட்டடக்கலை எனப் போற்றி எழுதுவோரை அவ்வப்போது காண்கிறோம். தடையினால் நேர்ந்ததைத் தெரிவாகக் காட்டுவது வரலாறாகாது.

2002 ஜனவரியில் தடை பெரிதும் தளர்ந்தபோது சீமெந்து மீண்டும் வந்தது. கட்டியெழுப்பிய வீடுகள் ஏழு ஆண்டுகள் கூட நிலைக்கவில்லை. 2009 மே மாதத்திற் போர் முடிந்தபோது வன்னிக் கிழக்கின் மக்கள் ஏறத்தாழ முழுமையாகவும் தம் வீடுகளை இழந்து, வவுனியா மாவட்டத்தின் மெனிக்பாம் முகாமிலே கூடாரத் துணிவிரிப்பிற் படுத்திருந்தனர். அம்முகாம் 2012 செப்ரெம்பரில் மூடப்பட்டது.

மீள்குடியேற்றத்தின் வீடமைப்புத் திட்டங்களுள் முதன்மையானது இந்திய அரசின் 50,000 வீட்டுத்திட்டமாகும். 2010 இல் அறிவிக்கப்பட்ட இத்திட்டத்தில், மாதிரியாக அமைந்த முதல் ஆயிரம் வீடுகளின் பின்னர், 2012 ஒக்ரோபர் முதல் வீட்டுரிமையாளரே கட்டும் முறை பின்பற்றப்பட்டது. ஒரு வீட்டுக்கு 5,50,000 இலங்கை ரூபா தவணைகளாக வழங்கப்பட்டது. பொருள் வாங்குவதும் மேசனைப் பிடிப்பதும் குடும்பத்தின் பொறுப்பு. கணவனை இழந்த பெண்கள் பலர் மணல் விலையும் கம்பி விலையும் பேசும் ஒப்பந்தகாரராக மாறவேண்டியிருந்தது. ஆயிரக்கணக்கான வீடுகள் ஒரே காலத்தில் எழுந்தமையால் தேர்ந்த மேசன்மாருக்குத் தட்டுப்பாடு நிலவியது. போருக்கு முன் தொழில் பழகியவர் பலர் இறந்துபட்டனர்; வேறு சிலர் கடல் கடந்தனர். மலையகத்திலிருந்து 1958, 1977 ஆம் ஆண்டுகளின் வன்செயல்களின் பின் வந்து வன்னியிற் குடியேறியோரின் பிள்ளைகள் இக்கட்டடங்களிற் கூலிகளாகப் பெருமளவில் உழைத்தனர். அவர்களுட் காணி உறுதி இல்லாதோர் தமக்கென ஒரு திட்டவீட்டைப் பெறுவதில் இடர்ப்பட்டனர் என்பதும் சொல்லப்பட வேண்டியதே.

திட்டவீட்டின் பணத்திற் சீமெந்துத் தரையே அடங்கும். மாபிள் அதற்குப் பின்னர், வெளிநாட்டிலிருந்து உறவினர் அனுப்பும் பணத்திலோ கடனிலோ, அறை அறையாக வந்தது. முதலில் முன்மண்டபம், பின் சுவாமியறை, வசதிப்பட்டால் குசினி. இதனால் ஒரே வீட்டிலேயே இருவகைத் தரைகளும் அவற்றுக்கிடையே ஒரு படியும் தோன்றின. 2020 இல் தரையோட்டு இறக்குமதி மட்டுப்படுத்தப்பட்டபோதும் 2022 இன் பொருளாதார நெருக்கடியிற் சீமெந்து விலை பன்மடங்கு ஏறியபோதும், பாதியில் நின்றுபோன தரைகள் பல.

இந்தக் கட்டத்திலேதான் அயல் என்னும் சிக்கல் வன்னி வீட்டுக்குள் நுழைகின்றது. அது வெறும் அழகுப் பிரச்சினையன்று. போரிற் காலிழந்தோரும் முள்ளந்தண்டில் காயமுற்றோரும் மிகுந்து வாழும் நிலம் இது. ஊன்றுகோலின் றப்பர் முனை உயர்ந்த விளிம்பில் முட்டினால் உடல் முன்னே செல்லும், கோல் பின்னே நிற்கும். செயற்கைக் காலின் பாதம் முழங்காலுக்குக் கீழே உணர்வற்றது. தரையிலுள்ள உயர்வை அது தன்னை அணிந்தவருக்குச் சொல்லாது. சக்கர நாற்காலியின் முன்சக்கரம் சிறியது, நேரே செல்லாது திரும்பிவிடும். மாற்றுத்திறனாளிகள் சென்றடைதற்கேற்ற வசதிகள் பற்றிய ஒழுங்குவிதிகள் இந்நாட்டில் 2006 இல் வர்த்தமானியில் வெளிவந்தன. அவை பொதுக் கட்டடங்களுக்குரியவை. வீட்டுக்குள் ஒழுங்குவிதி கிடையாது. அங்கு மேசனின் கை ஒன்றே காவல்.

அந்தக் கையின் நிலை என்ன? மாபிள் பதித்தலுக்குப் பெரும்பாலும் சதுர அடிக் கணக்கிலேயே கூலி பேசப்படுகின்றது. ஒருநாளிற் பதித்த பரப்பே வருமானம். பழைய முறையில் ஒவ்வோர் ஓட்டையும் சட்டம் வைத்துப் பார்த்து, தட்டி, பெயர்த்து, மீள வைப்பவர் குறைவாகவே உழைப்பார். விரைந்து பதிப்பவர் கூடுதலாக உழைப்பார். திருத்தமும் கூலியும் ஒன்றுக்கொன்று எதிராக நிற்குமாறு தொழிலை ஒழுங்குசெய்துவிட்டு, பிழை நேர்ந்தாற் "பயல்களுக்கு வேலை தெரியாது" என்று குறைசொல்வது நேர்மையன்று. கிளிப்பும் ஆப்பும் இம்முரண்பாட்டை ஓரளவு தணிக்கின்றன. பத்தாண்டு பழகிய உள்ளங்கை அறிவதை, ஆறுமாதம் பழகிய இளைஞனும் ஆப்பை இறுக்கிப் பெற்றுவிடலாம். இதனாற் கைத்திறன் அழிகின்றது என்று மூத்த மேசன்மார் வருந்துவர். அவ்வருத்தத்தில் உண்மை உண்டு. எனினும், ஆசான்மாரின் ஒரு தலைமுறையையே இழந்த நிலத்தில், கற்பிப்பார் இல்லாதவனுக்குக் கருவி ஆசானாவதை நான் குறைகூற மாட்டேன்.

கருவி எல்லாவற்றையும் செய்துவிடாது என்பதையும் மறத்தலாகாது. அது விளிம்பை மட்டுமே பிடிக்கின்றது. ஓட்டின் அடியிற் சாந்து நிறையாமல் வெற்றிடம் இருந்தால், ஆப்புக் கழன்றபின் ஓடு மெல்லத் தாழும். தட்டினால் பொள்ளலோசை கேட்கும். அதனினும் பெரிய பகை நிலமே. வயலோரத் தாழ்நிலங்களின் களி கோடையில் வெடித்து மாரியில் ஊதுவது. அத்திவாரத்துக்குள் நிரப்பிய மண்ணை நீர்விட்டு அடித்து இறுக்காமல் அவசரத்தில் மூடிய வீடுகளில், இரண்டு மாரி கழிந்ததும் தரை நடுவே அமிழ்ந்து, ஓடுகள் விளிம்போடு விளிம்பு முட்டிக் கூடாரம்போல் எழுவதுண்டு. புற்றுமண்ணைக் கட்டையால் அடித்து இறுக்கிய பெண்கள் அறிந்திருந்த வேலைதான் அது.

இனிப் பார்க்கரின் செங்கற்களுக்கு வருவோம். ஆப்பைத் தட்டிக் கழற்றும்போது கிளிப்பின் மேற்பகுதியே முறிந்து வருகின்றது. அடித்தட்டு ஓடுகளின் கீழே, சாந்துக்குள், அப்படியே தங்கிவிடும். அதனை எடுக்க வழியில்லை, எடுக்கவேண்டிய தேவையும் இல்லை. பெருவிரல் அகலமான அந்தப் பிளாஸ்ரிக்குத் தகடுகள் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் எத்தனையோ முன்மண்டபங்களின் அடியில், ஒவ்வொரு பொருத்திலும் ஓரடிக்கு ஒன்றாக வரிசையாகக் கிடக்கின்றன. பின்னொரு காலத்தில் இத்தரைகளைத் தோண்டுவோர் செங்கல்லை அளக்கவேண்டிய அவசியமில்லை. தகடு உள்ள அறை எது, தகடில்லாச் சீமெந்து எது, அதன்கீழ் அடித்திறுகிய புற்றுமண் எது என்று பார்த்தாலே, இக்கட்டுரையிற் கூறப்பட்ட ஆண்டுகள் ஒன்றன்கீழ் ஒன்றாக அங்கே இருக்கும்.